மூத்தவள் பெயர்

வருடத்துக்கு ஒரு நாள் தன் பெயர் செத்தவர்கள் வரிசையில் வாசிக்கப்படுவதைக் கேட்டு வளர்ந்தவள் பிலோமினாள். கேட்கிறவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். அவளுக்கு ஒருநாளும் வேடிக்கையாக இருந்ததில்லை.

விஷயம் இதுதான். அவளுக்கு முன்னால் அந்த வீட்டில் இன்னொரு பிலோமினாள் இருந்தாள். மூன்று வயது வரை ஓடி விளையாடிவிட்டு, ஓர் ஆவணி மாதம் காய்ச்சல் கண்டு, இரண்டே நாளில் போய்விட்டாள். அடுத்த வருடம் பிறந்த பெண் குழந்தைக்கு அதே பெயரைச் சூட்டி ஞானஸ்நானம் கொடுத்தார்கள். அந்தக் காலத்து வேதக்கார வீடுகளில் இது ஊரில் இல்லாத வழக்கம் ஒன்றும் இல்லை. குழந்தையைப் பார்க்க வந்தவர்கள் எல்லாம் "போனவளே திரும்பி வந்துட்டா" என்று சொல்லி நெட்டி முறித்தார்கள். அம்மாவும் மறுக்கவில்லை. கோபம் வந்தால்கூட, "ஏண்டி, இப்படிப் படுத்தத்தான் திரும்பி வந்தியா?" என்றுதான் திட்டுவாள்.

இறந்த பிள்ளைக்காக வருடம் தவறாமல் பூசை உண்டு. பூசையின் தொடக்கத்தில் சாமியார், "மரித்த பிலோமினாளின் ஆன்ம இளைப்பாற்றிக்காக" என்று வாசிப்பார். அன்றைக்கு அம்மா இளையவளுக்குப் புதுப்பாவாடை கட்டி, எல்லோருக்கும் முன்னால் முதல் வரிசையில் உட்கார வைப்பாள்.

"மூத்தவ பேர வாசிக்கையில இளையவ எல்லார் கண்ணுலயும் படணும்டி. இல்லாட்டி கணக்கு மாறிப்போகும்."

என்ன கணக்கு, அதை எழுதுகிறவர் யார் என்பதையெல்லாம் அம்மா சொன்னதில்லை. சிறுமி தானாக ஒன்றைப் புரிந்துகொண்டாள். இந்தப் பெயர் இரவல் வாங்கியது. சொந்தக்காரி என்றைக்காவது வந்து கேட்பாள். பெயர் வாசிக்கப்படும்போது பாவாடைக்கு அடியில் கையை விட்டுத் தொடையை அழுத்திக் கிள்ளிக்கொள்வாள். வலித்தால் நிம்மதி.

அம்மா போன பிறகும் பிலோமினாள் அந்தப் பூசையை விடவில்லை. வருடம் பிறந்ததும் கோயில் அலுவலகத்துக்குப் போய்த் தேதியைச் சொல்லி வைத்துவிடுவாள். அன்று காலை முதல் வரிசையில் போய் உட்கார்ந்துவிடுவாள். மிஷன் பள்ளியில் தையல் டீச்சராக வேலை பார்த்த காலத்தில், கழுத்தில் தொங்குகிற அளவு டேப்பை எடுக்க மறந்து அப்படியே வந்து உட்கார்ந்த வருடங்களும் உண்டு. கல்யாணமாகி, பிள்ளை பெற்று, புருஷனை அடக்கம் செய்து, வேலையிலிருந்து ஓய்வும் பெற்றாயிற்று. கிள்ளுவது மட்டும் நிற்கவில்லை. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஊருக்கெல்லாம் தைரியம் சொல்கிற டீச்சர் இதைப் போய் யாரிடம் சொல்வாள்?

மகன் ஜெய்சன் மஸ்கட்டுக்குப் போனான். பாலைவனத்துக்குள்ளே குழாய் பதிக்கிற வேலை. வெள்ளிக்கிழமை மட்டும்தான் டவுனுக்கு வர முடியும். மதுரை வில்லாபுரம் ஹவுசிங் போர்டு வீட்டில் அம்மா தனியாகக் கிடக்கிறாளே என்று ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வைத்து, பிராட்பேண்ட் இழுத்துக் கொடுத்துவிட்டுப் போனான். பிலோமினாள் அதற்குக் குரோஷா உறை பின்னிப் போர்த்தி வைத்தாள். பல மாதம் அதற்கு அந்த உறை மட்டும்தான் உபயோகம்.

உறையை எடுக்க வைத்தவள் ஞானசௌந்தரி. பழங்காநத்தத்துக்காரி, அதே பள்ளியில் அலுவலகத்தில் இருந்தவள். கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டதிலிருந்து அவளுக்குக் கை சும்மா இருக்காது. மெசஞ்சரில் தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குக் கூட்டுச் செபமாலை என்று ஆரம்பித்தாள். ஊரை விட்டுப் போய், கோயில் மணிச் சத்தம்கூடக் கேட்காமல் கிடக்கிற பிள்ளைகளுக்காக.

"கம்பி வழியா மாதா எப்படிடி வருவாக?" என்று பிலோமினாள் சிரித்தாள்.

"நாம போவோம்க்கா. அவுக வர்றது அவுக இஷ்டம்" என்றாள் ஞானசௌந்தரி.

செபமாலையில் ஐந்து பத்து மணிகள். ஒவ்வொரு மணிக்கும் ஒருவர் முதல் பாதியைச் சொல்ல, மற்றவர்கள் மறுபாதியைச் சொல்லி முடிக்க வேண்டும். மறுபாதி பலமாக இல்லாவிட்டால் செபம் கால் இல்லாத கட்டிலாகிவிடும். பிலோமினாளின் குரல்தான் அந்தக் கூட்டத்துக்கு மறுபாதி. கோலாலம்பூரில் கடை வைத்திருந்த சவரிமுத்து வருவார். அவருக்கு ஹெட்ஃபோன் ஆகாது. ஸ்பீக்கரை அலற விட்டுக்கொண்டு உட்காருவார். அதனால் யார் பேசினாலும் அந்தக் குரல் அவர் கடையைச் சுற்றிவிட்டு, ஒரு நொடி கழித்து, மெலிந்துபோய் எல்லோருக்கும் திரும்பிக் கேட்கும். "அண்ணே, ஸ்பீக்கரக் கொறைங்க" என்பது அந்தச் செபத்தின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது.

ரியாத்திலிருந்து ஹெப்சிபா வருவாள். பசுமலைப் பெண், சி.எஸ்.ஐ. குடும்பம், நர்ஸ். பிலோமினாளிடம் தையல் படித்தவள். படித்தவள் என்று சொல்வது மரியாதைக்குத்தான். பொத்தானுக்குக் காஜா எடுக்கச் சொன்னால் பெருக்கான் எலி கடித்த மாதிரி எடுத்து வைப்பாள். விடுதி அறையில் போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு, ஹெட்ஃபோனை மாட்டி, கிசுகிசுவென்றுதான் பேசுவாள். அவர்கள் சபையில் மாதாவிடம் செபிக்கிற வழக்கம் இல்லை. ஆகையால் மங்கள வார்த்தை வரும்போது வாயை மூடிக்கொள்வாள். கர்த்தர் கற்பித்த செபம் வந்ததும் சேர்ந்துகொள்வாள்.

"பின்ன எதுக்குடி தினமும் வந்து குத்தவச்சிருக்க?" என்று பிலோமினாள் ஒருநாள் கேட்டாள்.

"நம்மாளுக சத்தம் கேக்குறதுக்குத்தான் டீச்சர். இங்க அது ஒண்ணுதான் கிடைக்க மாட்டேங்குது."

அதைக் கேட்ட பிறகு பிலோமினாள் ஒருநாளும் ஏழு மணியைத் தவறவிடவில்லை.

அந்த வருடம்தான் மதுரைக்குள் அந்தக் காய்ச்சல் வந்தது. இரண்டாயிரத்து ஆறு. சிக்குன்குனியா என்று டாக்டர்கள் சொன்னதை ஜனங்கள் சிக்கன்குனியா ஆக்கி, கோழிக்கறி வாங்குவதை நிறுத்தினார்கள். கோழிக்கடைக்காரர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். வந்தது கொசுவால் என்று சொன்னால் யார் கேட்டார்கள்? மூன்று நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். மூட்டு மட்டும் மாதக்கணக்கில் விடாது. நேற்றுவரை நிமிர்ந்து நடந்தவர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு தவழ்ந்தார்கள். தெருவுக்குத் தெரு ஆட்கள் படுத்துக் கிடந்தார்கள். குழாயடியில் சண்டை இல்லை. கோயில்களில் கூட்டம் இல்லை. வில்லாபுரத்தில் பட்டப்பகலில் காக்காய்ச் சத்தம் தனியாகக் கேட்டது.

பிலோமினாளுக்கும் வந்தது. விரல்கள் ஒவ்வொன்றும் சேப்பங்கிழங்கு மாதிரி வீங்கி, மடக்கவும் முடியாமல் நீட்டவும் முடியாமல் நின்றன. ஊசி பிடித்தே காய்த்த விரல்கள் ஒரு தம்ளரைப் பிடிக்க மாட்டேன் என்றன. முன்னறையில் ஒருநாள் போன் அடித்தது. தட்டுத்தடுமாறிப் போய் எடுத்தாள். ரிசீவர் கைநழுவி விழுந்து மேஜைக்குக் கீழே தொங்கியது. குனிந்து எடுக்கத் தெம்பில்லாமல் அப்படியே விட்டுவிட்டு வந்து படுத்தவள், பிறகு அதை மறந்தே போனாள்.

எதிர்வீட்டுச் சோலையம்மாள்தான் கஞ்சி கொண்டுவந்து ஊட்டினாள். "நீங்க எந்திரிச்சு வந்து கதவு தெறக்க வேணாம் டீச்சரு. நான் வெளியப் பூட்டிச் சாவிய எடுத்துட்டுப் போயிர்றேன். நாய்கீய் வந்துரப்போகுது" என்று ஏற்பாடு செய்தாள். நல்ல ஏற்பாடுதான். ஒருநாள் மதியம் கஞ்சி வரவில்லை. சாயங்காலமும் வரவில்லை. சோலையம்மாளும் விழுந்துவிட்டாள் என்று பிலோமினாளுக்குப் புரிந்தது. ஜன்னலருகே ஒரு சொம்புத் தண்ணீரும் ஒரு பாக்கெட் ரொட்டியும் இருந்தன. அதை வைத்துக்கொண்டு படுத்துக் கிடந்தாள். எத்தனை நாள் ஆயிற்று, இன்றைக்கு என்ன தேதி என்பதெல்லாம் தலையிலிருந்து கழன்று விழுந்துவிட்டன.

அப்படிக் கிடந்தும் செபமாலையை அவள் விடவில்லை. சுவரைப் பிடித்து நகர்ந்து நாற்காலிக்கு வந்துவிடுவாள். கம்ப்யூட்டரை அணைப்பதில்லை. ஏழு மணிக்கு அழைப்பு வந்ததும் மௌஸை மணிக்கட்டால் தள்ளி, விரல் முட்டியால் ஒரு குத்து. அவள் பெயர் பட்டியலில் சேர்ந்து மினுங்கும். ஆனால் பேச முடியாது. பேச வேண்டுமென்றால் திரையிலிருக்கிற ஒரு பொத்தானை மௌஸால் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். குத்த முடிந்ததே தவிர, அந்தக் கையால் அழுத்திப் பிடிக்க முடியவில்லை. அதனால் எல்லோர் குரலையும் கேட்டுக்கொண்டு, மறுபாதியை அறைச் சுவரைப் பார்த்துச் சொல்லி வந்தாள்.

அன்று வெள்ளிக்கிழமை. பொழுது சாய்கிற நேரத்தில் தெருவில் ஒரு எஞ்சின் சத்தம் உறுமிக்கொண்டு வந்தது. கார்ப்பரேஷன்காரர்கள் கொசுவுக்குப் புகை அடிக்கிறார்கள். வெள்ளைப் புகை ஜன்னல் வழியாக உள்ளே வந்து, அலமாரியை மறைத்து, கட்டிலை மறைத்து, சுவரிலிருந்த திரு இருதய ஆண்டவர் படத்தையும் மறைத்தது. ஜன்னலை மூட அவளுக்குக் கை இல்லை. எஞ்சின் தூரமாகப் போய் அடங்கிய பிறகு, அந்தத் தெருவில் ஓர் இருமல்கூடக் கேட்கவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. ஆள் இருந்தால் இருமாமல் இருப்பார்களா?

அவள் நாற்காலிக்கு வந்து சேர்வதற்குள் செபமாலை தொடங்கிவிட்டது. புகைக்கு நடுவில் திரை நீலமாகத் தெரிந்தது. முட்டியால் குத்திச் சேர்ந்துகொண்டாள். ஸ்பீக்கரிலிருந்து ஞானசௌந்தரியின் குரல் வந்தது. வெள்ளிக்கிழமைக்கு உரிய, ஆண்டவரின் பாடுகளை நினைக்கிற துக்க இரகசியங்கள். முதல் பத்து மணிகள் முடிந்தன. வழக்கமாக அங்கே 'பிதாவுக்கும் சுதனுக்கும்' என்று மகிமைச் செபம் வர வேண்டும். அது வரவில்லை. அந்த இடத்தில் ஞானசௌந்தரி 'நித்திய இளைப்பாற்றி' சொன்னாள்.

பிலோமினாளின் முதுகு தானாக நிமிர்ந்தது. இது இழவு வீட்டுச் செபமாலை. ஒருவர் இறந்துவிட்டால்தான் மகிமைச் செபத்தை எடுத்துவிட்டு இதைச் சொல்வார்கள்.

யாரோ போய்விட்டார்கள். தொடக்கத்தில் பெயரைச் சொல்லியிருப்பார்கள், அவள்தான் பிந்திவிட்டாள். யாராக இருக்கும்? சவரிமுத்துவின் மாமியார் ரொம்ப நாளாக இழுத்துக்கொண்டு கிடந்தார்களே. பாவம், யாராக இருந்தால் என்ன, இந்த நேரத்தில் செத்தால் தூக்கிப்போட நாலு ஆள்கூட நிமிர்ந்து நிற்க மாட்டார்களே என்று நினைத்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பெயர் தெரியாத அந்த ஆத்துமாவுக்காக, வீங்கிய கைகளை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டாம் பத்து முழுவதையும் அவள் மனதுருகிச் சொன்னாள். தன் வலியைக்கூட அதற்கென்று ஒப்புக்கொடுத்தாள். இவ்வளவு உருக்கமாக அவள் செபித்து வெகுகாலம் ஆகியிருந்தது.

இரண்டாம் பத்து முடிகிற இடத்தில் சவரிமுத்து வந்து சேர்ந்தார். அவருடைய மின்விசிறிச் சத்தமும் சேர்ந்தே வந்தது.

"என்ன தங்கச்சி, இளைப்பாற்றி சொல்றீக? யாரு தவறிட்டாக?"

"ஒங்களுக்குத் தெரியாதாண்ணே?" ஞானசௌந்தரியின் குரல் உடைந்தது. "நம்ம பிலோமி அக்கா போயிட்டாக."

பிலோமினாள் திரும்பித் தன் கட்டிலைப் பார்த்தாள். ஏன் பார்த்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. புகைக்குள் போர்வை ஒரு ஆள் படுத்திருக்கிற மாதிரி சுருண்டு கிடந்தது.

"எப்பவும் ஞாயித்துக்கிழம மட்டும் போறவ, இன்னிக்குக் காலையில கோயிலுக்குப் போனேண்ணே. பூசையில 'மரித்த பிலோமினாள்'னு சாமியார் வாசிக்கிறாரு. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. சாமியார் புதுசு. கேக்கப் போனா, அவருக்கும் காய்ச்சல், போய்ப் படுத்துட்டாரு. நாலு நாளா செபத்துலயும் அக்கா சத்தமே கேக்கல, போன் போட்டா எங்கேஜாவே இருக்கு. ஆட்டோ பிடிச்சு வில்லாபுரத்துக்கே போயிட்டேன். வெளிய பூட்டு தொங்குது. கூப்பிட்டுப் பாத்தேன். சத்தமே இல்ல. கேக்குறதுக்குத் தெருவுல ஒரு நாதி இல்ல. சொந்தக்காரக வந்து ஊருக்குக் கொண்டுபோய் அடக்கம் பண்ணிட்டாக போல. வந்து படுத்தவதான், எனக்கும் முட்டியெல்லாம் பிடிச்சிருச்சு."

பிறகு ஹெப்சிபாவின் கிசுகிசுப்பு வந்தது.

"அக்கா, டீச்சர் பேரு எரியுது."

"எங்க?"

"பட்டியல்ல பாருங்க. சேர்ந்திருக்காங்க."

"கம்ப்யூட்டர யாரும் அணைக்காமப் போயிருப்பாக" என்றாள் ஞானசௌந்தரி.

"அழைப்பு வந்தா ஒருத்தர் தட்டுனாத்தான சேரும்?" சவரிமுத்துவின் குரல் இறங்கிவிட்டது. "யாரு தட்டுனது, தங்கச்சி?"

பிலோமினாள் தன் விரல் முட்டியைப் பார்த்தாள்.

'மரித்த பிலோமினாள்.' அப்படியானால் இன்றைக்கு அந்த நாள். மூத்தவளின் நாள். காய்ச்சலில் தேதி தவறி, வாழ்க்கையிலேயே முதல்முறையாக அவள் முதல் வரிசையில் போய் உட்காரவில்லை. பெயர் வாசிக்கப்பட்டபோது அவள் யார் கண்ணிலும் படவில்லை.

அறிவு சொன்னது: இது ஞானசௌந்தரியின் அவசர புத்தி; அவள் வந்து கூப்பிட்டபோது காய்ச்சலில் அசந்து தூங்கியிருப்போம், வேறொன்றுமில்லை. ஆனால் வெறும் வயிற்றில், புகைக்கு நடுவில், காய்ச்சல் விட்ட உடம்போடு இருக்கிறவளிடம் அறிவு எவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருக்கும்? கணக்கு மாறிப்போகும் என்றாளே அம்மா. பிலோமினாள் பழைய வழக்கப்படி தொடையைக் கிள்ளிப் பார்க்கக் கையைக் கொண்டுபோனாள். விரல்கள் மடங்கவில்லை. கிள்ள முடியவில்லை. வலிதான் உடம்பெல்லாம் இருக்கிறதே என்றால், செத்தவர்களின் ஆத்துமா பாவம் தீரக் காத்துக் கிடக்கிற உத்தரிக்கிற ஸ்தலத்திலும் வலி உண்டு என்றுதான் ஞானோபதேசத்தில் படித்திருந்தாள். அங்கேயும் புகை இருக்கும். அங்கே இருப்பவர்களுக்கும் பூமியில் சொல்கிற செபம் கேட்கும், திருப்பிப் பேசத்தான் முடியாது என்று கன்னியர் மடத்து அம்மா ஒருத்தி சொல்லித் தந்திருக்கிறாள்.

"சோலையம்மா!" என்று ஜன்னலைப் பார்த்துக் கத்தினாள். தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. புகை அசையவில்லை.

"ஜெய்சனுக்கு எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியலண்ணே" என்று ஞானசௌந்தரி சொல்லிக்கொண்டிருந்தாள். "இன்னிக்கு வெள்ளிக்கிழம. ஏழரைக்கு வருவான். அந்தப் பாலைவனத்துல அவனுக்கு யாரு இருக்கா? நான்தான் சொல்லியாகணும். அதுக்கு முன்னால அக்கா பேர எடுத்து விட்டுர்றேன். அவன் வந்து பேரு எரியிறதப் பாத்தா அம்மா இருக்காகன்னு நெனச்சுருவான். அடுத்த பத்து முடியட்டும், எடுத்துர்றேன். ஹெப்சிபா, நீயும் அக்காவோட ஆத்துமாவுக்காக ஒரு வார்த்த சொல்லுத்தா."

"மன்னிச்சுக்கங்க அக்கா." கிசுகிசுப்பு தயங்கியது. "எங்க சபையில செத்தவங்களுக்கு ஜெபிக்கிற வழக்கமில்ல. எனக்கு அது வராது. டீச்சர் உயிரோட இருக்காங்கன்னே வச்சு நான் ஜெபிச்சுக்கிறேன்."

சொல்லிவிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே அவள் செபித்தாள். ஆண்டவரே, டீச்சருக்குக் கைகால் சுகம் கொடும், தனியாக இருக்கிறவர்களுக்குத் துணையாக ஓர் ஆளை அனுப்பும் என்று சாதாரணமாக, காய்ச்சல்காரிக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

பிலோமினாளுக்கு அழுகை பொங்கியது. தன்னை இத்தனை பேர் மண்ணுக்குள் வைத்துவிட்டார்கள். ஒரு பெண், அதுவும் காஜா எடுக்கத் தெரியாதவள், விடாமல் வெளியே பிடித்து வைத்திருக்கிறாள். அந்த அழுகையிலேயே அவளுக்குத் தெம்பு வந்தது. மகன் வந்து இதைக் கேட்கக் கூடாது. அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது. தான் இருக்கிறோமா இல்லையா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

மௌஸை மணிக்கட்டால் தள்ளினாள். அம்புக்குறி புகைக்குள் அலைந்து பொத்தானின் மேல் வந்து நின்றது. முட்டியால் குத்தினாள். "நா…" என்பதற்குள் கை வழுக்கிவிட்டது. மறுபடியும் குத்தினாள்.

"என்னமோ சத்தம் வருது" என்றார் சவரிமுத்து. "கீச்சு கீச்சுன்னு. தங்கச்சி, சீக்கிரம் முடிச்சுட்டுப் பேர எடு."

ஞானசௌந்தரி மூன்றாம் பத்தை அவசரமாக ஆரம்பித்தாள். மணி ஒவ்வொன்றும் ஓடியது. பிலோமினாள் முழங்கையை வைத்துப் பார்த்தாள். மேஜை இடம் கொடுக்கவில்லை. மற்றொரு கையால் அமுக்கிப் பார்த்தாள். வலியில் உயிர் போய் வந்தது. பத்தாவது மணியின் முதல் பாதியை ஞானசௌந்தரி சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் வேறு வழி தெரியாமல் குனிந்து, மௌஸின் மேல் தன் நெற்றியை வைத்து அழுத்தினாள். பீடத்துக்கு முன்னால் தரையில் நெற்றி வைக்கிற மாதிரி. பொத்தான் இறங்கி, இறங்கியபடியே நின்றது.

சொல்வதற்கு எத்தனையோ இருந்தன. நான் சாகவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் முதல் பாதி அப்போதுதான் முடிந்திருந்தது. பழக்கப்பட்ட வாய் மறுபாதியைத்தான் சொன்னது. "இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும்" என்று கரகரத்த குரலில் பலமாக முடித்தது.

அலறல் ஒன்று கேட்டது. அது ஞானசௌந்தரி. எதுவோ கீழே விழுந்து உடைந்தது. மின்விசிறிச் சத்தம் பட்டென்று அறுந்தது. பிலோமினாள் நெற்றியை எடுத்துப் பார்த்தபோது பட்டியலில் பெயர்கள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்தன. சவரிமுத்து இல்லை. ஞானசௌந்தரி இல்லை. தன் பெயரைத் தவிர ஒரே ஒரு பெயர் மிச்சம் இருந்தது.

"டீச்சர்." போர்வைக்குள்ளிருந்து வருகிற குரல் நடுங்கியது. "நீங்களா?"

பிலோமினாள் மறுபடி நெற்றியை அழுத்தினாள். "ஏண்டி, நீ ஓடலையா?"

"எங்க ஓடுறது டீச்சர்? ரூமுக்கு வெளிய போனா ஒருத்தரையும் எனக்குத் தெரியாது." தைரியத்தைத் திரட்டிக்கொண்டு கேட்டாள். "நீங்க டீச்சர்தானா? ஒம்பதாம் வகுப்புல என் காஜாவ எல்லார் முன்னாடியும் தூக்கிக் காட்டி என்ன சொன்னீங்க?"

"இது பொத்தான் போடவா, பெருக்கான் போகவான்னு கேட்டேன். இப்பவும் ஒனக்கு ஒழுங்கா வராதுடி."

ஹெப்சிபா ஓவென்று அழுதாள். ரியாத்துக்குப் போன நாளிலிருந்து அவள் சத்தம் போட்டு அழுதது அன்றைக்குத்தானாம். பிறகு அவளே சொன்னது. பிலோமினாள் நெற்றியை அழுத்தியும் எடுத்தும் நடந்ததையெல்லாம் சொல்லி முடித்தாள். ஞானசௌந்தரிக்குப் போன் போட்டுச் சோலையம்மாள் வீட்டுக் கதவைத் தட்ட ஆள் அனுப்பச் சொல்கிறேன் என்றாள் ஹெப்சிபா. அப்போது பட்டியலில் இன்னொரு பெயர் மினுங்கியது.

"ம்மா! என்ன இன்னிக்குக் கூட்டத்தையே காணோம்? ஒங்களப் பிடிக்கவே முடியல. போன் போட்டா எப்பப் பாரு எங்கேஜ்."

பிலோமினாள் நெற்றியை மௌஸின் மேல் வைத்தாள். "எல்லாருக்கும் காய்ச்சல்டா. படுத்துட்டாக."

"நீங்க நல்லாத்தான இருக்கீங்க?"

"இருக்கேன்டா" என்றாள் பிலோமினாள். அந்த வார்த்தையை அவள் இவ்வளவு கவனமாக உச்சரித்ததே இல்லை.

புகை மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. கட்டிலில் கிடந்தது வெறும் போர்வைதான் என்று தெரிந்தது. அவளுக்கு அப்போது ஒன்று உறைத்தது. இத்தனை வருடமாக அந்தப் பூசைக்குத் தவறாமல் போனாளே, ஒரு தடவையாவது அந்தப் பிள்ளைக்காகச் செபித்திருக்கிறாளா? தன்னைப் பிடித்துக்கொண்டு போய்விடக் கூடாதே என்றுதான் உட்கார்ந்திருக்கிறாள். மூன்று வயதுக் குழந்தை. பேயைப் போல அதற்குப் பயந்தாள். அதன் பெயரையும் எடுத்துக்கொண்டு, அதற்கென்று ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. இன்றைக்கு, யாரென்று தெரியாமல், முதல்முறையாக விட்டிருக்கிறாள். கம்பி வழியாக வந்த செபம் வீண்போகவில்லை; போக வேண்டிய இடத்துக்குத்தான் போயிருக்கிறது.

"ஜெய்சன், இன்னும் ரெண்டு பத்து பாக்கி இருக்கு. இன்னிக்கு ஒம் பெரியம்மா நாளு. அவளுக்காகச் சொல்லி முடிச்சிருவோம்."

"எனக்கு ஏதும்மா பெரியம்மா?"

"இருந்தாடா. சின்னப் புள்ளயாவே இருந்துட்டா. நான் முதல் பாதி சொல்றேன். நீ மறுபாதி சொல்லு."

ஹெப்சிபா கிளம்பவில்லை. வழக்கம்போல வாயை மூடிக்கொண்டு துணைக்கு இருந்தாள். பிலோமினாள் நெற்றியை அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். நான்காம் பத்தின் பாதியில் அது கேட்டது. அவள் சொன்ன வார்த்தைகள் ஒரு நொடி பிந்தி, மெலிந்து, உச்சஸ்தாயியில் திரும்பி வந்தன. மழலை கொஞ்சம் ஒட்டியிருந்தது போலவும் இருந்தது.

"ம்மா, ஒங்க சத்தம் ரெண்டு தரம் கேக்குது" என்றான் ஜெய்சன். "யாரோ ஸ்பீக்கர்ல வச்சிருக்காங்க. நான் ஹெட்ஃபோன்தான் மாட்டியிருக்கேன்."

"நானும் ஹெட்ஃபோன்தான்" என்றாள் ஹெப்சிபா மெதுவாக.

பிலோமினாள் தலையைத் தூக்கிப் பட்டியலைப் பார்த்தாள். மூன்றே பெயர்கள். சவரிமுத்துவின் பெயர் அணைந்துதான் இருந்தது. ஸ்பீக்கரைக் குறைக்கச் சொல்ல அங்கே யாரும் இல்லை. தொடையைக் கிள்ளிப் பார்க்க வேண்டுமென்று அவளுக்குத் தோன்றவும் இல்லை.

"கேக்கட்டும்டா" என்றாள். "நீ மறுபாதியச் சொல்லு."

அவன் சொன்னான். அவள் அடுத்த மணியைத் தொடங்கினாள். கூடவே வருகிற குரல் பிந்திவிடாமல் இருக்க, ஒவ்வொரு வார்த்தையையும் சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.